ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் என் மருத்துவரை ஏற்க மறுத்தது குறித்து

அனுப்புநர்:
ரெய்லின் கோம்ப்ஸ்,
செவிலியர் பட்டப்படிப்பு, இரண்டாம் ஆண்டு,
மாணவியர் விடுதி, கிரேஷோல் கல்லூரி,
கிரேஷோல், ஒஹாயோ.

பெறுநர்:
முனைவர் வில்லார்ட் ட்ரெஸ்லர் அவர்கள்,
கல்லூரி முதல்வர்,
கிரேஷோல் கல்லூரி.

பொருள்: கல்லூரியின் மருத்துவக் காப்பீட்டை என் தலையில் கட்டியதையும், அதற்குப் பணம் கட்டாததால் அடுத்த பருவத்துக்கான என் பதிவை நிறுத்தியதையும் ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மாணவர் ஒவ்வொருவருக்கும் மருத்துவக் காப்பீடு இருந்தாக வேண்டும் என்ற விதியோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கு வலிப்பு நோய் உண்டு. காப்பீட்டின் அருமையை எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. என்னிடம் ஏற்கெனவே காப்பீடு இருக்கிறது.

2. என் வீடு கென்டக்கியில். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அம்மாநில அரசு தரும் காப்பீட்டில் இருக்கிறேன். ஆகஸ்டில் அதன் சான்றைக் கொடுத்து, கல்லூரிக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கேட்டேன். ஒஹாயோ மாநிலத்துக்குள் அதை ஏற்கும் மருத்துவர் இல்லை என்று நிராகரித்தார்கள். மேல்முறையீட்டுக்கும் அதே வரிதான் பதில். கையோடு கல்லூரிக் காப்பீட்டில் என்னைச் சேர்த்து, ஆண்டுக்கு மூவாயிரத்து அறுநூறு டாலரை என் கட்டணத்தில் ஏற்றிவிட்டார்கள்.

3. மருத்துவர் இருக்கிறார், ஐயா. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கென்டக்கிப் பக்கம் நிற்கும் மருத்துவமனையில்தான் டாக்டர் ஹன்னா ஸ்டம்ப் என்னைப் பள்ளிக் காலத்திலிருந்து பார்த்து வருகிறார். ஒத்துக்கொள்ளாத மருந்துகளை ஒவ்வொன்றாக மாற்றி, எனக்கு ஒத்துக்கொள்ளும் மருந்தைக் கண்டுபிடித்தவர் அவர். என் விடுதி சன்னலிலிருந்தே அந்த மருத்துவமனை தெரியும். செவ்வாய்க்கிழமைதோறும் கல்லூரிப் பேருந்து எங்களைச் செவிலியர் பயிற்சிக்கு அழைத்துச் செல்வதும் அங்கேதான்.

4. அக்டோபரில் உணவுக்கூடத்தில் எனக்கு வலிப்பு வந்தது. கல்லூரி நலமையச் செவிலியர் திருமதி பிக்கெட் ஓடி வந்து ஆம்புலன்ஸை வரவழைத்தார். அதன் ஓட்டுநரிடம் அவர், "பாலத்தத் தாண்டிப் போயிடுங்க, அதான் பக்கம்" என்று சொன்னதை என் அறைத்தோழி டெஸா கேட்டிருக்கிறாள். திருமதி பிக்கெட்டுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். ஆனால் நான் மயங்கிக் கிடந்தால் பக்கமாக இருக்கும் மருத்துவமனை, விண்ணப்பம் போட்டால் மட்டும் எப்படித் தூரமாகிறது என்பதைத் தாங்கள்தான் விளக்க வேண்டும்.

5. இதையே கல்லூரியின் காப்பீட்டு அலுவலர் திரு. லோமாக்ஸிடம் நேரில் கேட்டேன். "இங்க பாரும்மா, ஆத்தத் தாண்டினா வேற மாநிலம். எங்க கம்ப்யூட்டருக்குப் பாலமெல்லாம் தெரியாது" என்றார். உடன் வந்திருந்த டெஸா, "அப்போ அடுத்த தடவை கம்ப்யூட்டரையே ஆம்புலன்ஸ்ல ஏத்திடுங்க சார்" என்றாள். அவள் பேசியது மரியாதைக் குறைவு என்று புகார் வந்திருப்பதாக அறிகிறேன். அவள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

6. பணத்தைக் கட்டித் தொலைத்துவிட்டுப் படிப்பைப் பார்க்கலாமே என்று பலரும் சொல்கிறார்கள். வார இறுதிகளில் உணவகத்தில் மேசை துடைத்துச் சம்பாதிக்கும் எனக்கு அது சிறிய தொகை அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு காப்பீடு இருந்தால் மருத்துவமனையில் முதலில் கல்லூரிக் காப்பீட்டிடம்தான் பணம் கேட்பார்கள். அதுவோ அக்கரை மருத்துவமனையை ஏற்பதே இல்லை. பிறகு டாக்டர் ஸ்டம்பைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் நான் மல்லுக்கட்ட வேண்டும். அந்த இழுபறியில் மருந்து ஒரு வாரம் தள்ளிப்போனாலும் மறுபடி தரையில் விழுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பயந்து கொண்டேதான் இதை எழுதுகிறேன், ஆனால் பணம் கட்டமாட்டேன்.

7. ஆகவே என் காப்பீட்டை ஏற்று, ஏற்றிய தொகையை நீக்கி, வெள்ளிக்கிழமை பதிவு முடிவதற்குள் தடையை விலக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவம் தவறினால் செவிலியர் பயிற்சியில் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் ஜனவரியில் முதல் வகுப்பில், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என்னை வெளியேற்றக் காவலரை அனுப்புவதானால், எனக்கு வலிப்பு வந்தால் கைகாலைப் பிடித்து அழுத்தக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்பதை அவருக்குத் தாங்களே சொல்லி அனுப்புங்கள்.

இடம்: கிரேஷோல்
நாள்: நவம்பர் 12

இப்படிக்கு,
(கையொப்பம்)
ரெய்லின் கோம்ப்ஸ்