டெல்மர் வாய் திறக்கவில்லை என்று நான் சொன்னது

ஹால்டன், அயோவா
டிசம்பர் 9

அன்பு மகள் கொரினுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அலாஸ்காவின் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் அம்மாவுக்கு எந்நேரமும் நினைப்பு. அவள் பின்னி அனுப்பிய கையுறை வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி போடு. சோள அறுவடை முடிந்தது, உன் தம்பி கிளென் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பழைய டிராக்டரை விற்றுவிட்டான், அது கிடக்கட்டும்.

என்னைக் கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் உட்காரக் கூப்பிட்டதை அம்மா போனில் சொல்லியிருப்பாள். பன்னிரண்டு பேருக்கும் என்னையே தலைவனாக்கினார்கள், எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் போனது. ரயிலடித் தானியக் கிடங்கு எரிந்ததே, அங்கே மூட்டை தூக்கிய டெல்மர் ஹக்ஸ் என்ற இளைஞன் வேலை போன ஆத்திரத்தில் தீ வைத்தான் என்பது வழக்கு. கண்ணால் பார்த்தவர் யாருமில்லை, அவன் வண்டியில் மண்ணெண்ணெய் டப்பா இருந்தது என்றார்கள், நம் ஊரில் அது இல்லாத வண்டி ஏது. மூன்று நாளும் அவன் மேஜையைப் பார்த்தபடியே இருந்தான், சாட்சிக் கூண்டில் ஏறவேயில்லை. பேசாமலிருப்பது அரசியல் சட்டம் அவருக்குக் கொடுத்த உரிமை, அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளாதீர்கள், நிரூபிக்க வேண்டியது அரசாங்கம்தான் என்று நீதிபதி இரண்டு முறை படித்துச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம், நான்தான் பலமாக ஆட்டினேன்.

அறைக் கதவைச் சாத்தி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, “தப்பு செய்யாதவன் எதுக்குய்யா வாயை மூடிக்கிட்டு இருக்கான், நானா இருந்தா கூரை பறக்கக் கத்தியிருப்பேன்” என்று நானே ஆரம்பித்தேன். பள்ளிக்கூடச் சமையல்கார அம்மா வெர்னா ஸ்டட்ஸ் மட்டும், “ஜட்ஜ் என்ன சொன்னாரு, நீங்க என்ன பேசறீங்க? அவன் எதுக்குப் பேசணும், அவங்கதானே நிரூபிக்கணும்” என்று பிடித்த பிடியில் நின்றாள். பன்னிரண்டு பேரும் ஒரே முடிவைச் சொன்னால்தான் எங்களை வீட்டுக்கு விடுவார்கள். மறுநாள் நன்றி சொல்லும் பண்டிகை, வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து, வெளியே பனி கொட்டுகிறது, எல்லாருக்கும் வீட்டு நினைப்பு. “சரிம்மா, நீ உன் உரிமையைக் கட்டிக்கிட்டு இங்கேயே இரு, அப்படியே எங்க வான்கோழியையும் நீயே வறுத்து அனுப்பிடு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நாலு மணிக்கு அவள், “என்னமோ செஞ்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டாள், குற்றவாளி என்று எழுதிய தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். இது உங்கள் தீர்ப்புதானா என்று நீதிபதி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். வெர்னாவின் முறை வந்தபோது அவள் என்னைப் பார்த்தாள், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆமாம் என்றாள்.

போன வாரம் முடிவெட்டப் போன இடத்தில் கடைக்காரர் சொல்கிறார், “அவனுக்குத் திக்குவாய் எவரெட், நாலு பேர் முன்னாடி நின்னா சொந்தப் பேரே வராது, அதான் வக்கீல் ஏற வேணாம்னுட்டாரு.” பாதி முடியோடு எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது. அவன் தீ வைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் அவனை விட்டுவிட வேண்டும் என்பதுதான் எங்களுக்கு இட்ட கட்டளை. அவன் வக்கீலிடம் ஓடினேன். ஜூரி அறைக்குள் பேசியதை வைத்துத் தீர்ப்பைக் கலைக்கச் சட்டம் லேசில் விடாது, ஆனாலும் எழுதிக் கொடுங்கள், தண்டனை சொல்லும் நாளில் நீதிபதியிடம் கொடுக்கிறேன் என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை அந்த நாள், பத்து வருஷம் வரை போடலாமாம். வெர்னா வீட்டுக்கும் போனேன், உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. வாசற்படியிலேயே நின்று, “உங்களைவிட என் மேலதான் எனக்குக் கோபம்” என்று சொல்லிவிட்டு நீதிபதிக்கு நான் எழுதிய கடிதத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் உன் முகம் வந்து நின்றது, கொரின். உனக்குப் பதின்மூன்று வயதில் மாதா கோயில் ஜன்னல் உடைந்தது. நீ எதுவும் பேசாமல் நின்றாய், பேசாவிட்டால் நீதான் என்று சொல்லி அந்தக் கோடை முகாமுக்கு உன்னை விடாமல் வீட்டிலேயே வைத்தேன். கல் எறிந்தது தான்தான் என்று கிளென் தன் கல்யாண விருந்தில் வேடிக்கையாகச் சொன்னான், நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன், நீ எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன், பின்னால் வரவில்லை. நான் உனக்குச் செய்தது அநியாயம், மகளே. இதைச் சொல்ல எனக்கு ஊரான் பிள்ளை ஒருவன் சிறை வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

கர்த்தர் உன்னை நல்லபடி வைத்திருப்பாராக. ராத்திரியில் அடுப்பை அணைத்துவிட்டுப் படு. செவ்வாய்க்கிழமை டெல்மருக்காக ஒரு ஜெபம் சொல். இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. நீ பேசாமலிருந்தால் இந்த முறை நான் அதற்கு எந்த அர்த்தமும் கற்பிக்க மாட்டேன்.

உன் அப்பா,
எவரெட் லின்ட்