நாலு பேஸும் ஒரு இடது கையும்

மார்ச் 3, செவ்வாய்

லேபில் இன்று மேல்வரிசைப் பல் செட் இரண்டு முடித்தேன். ஒன்றில் கடைவாய்ப் பல் சற்று உயரம். நாளை ராவ வேண்டும். வீட்டுக்கு வந்தால், சோபாவில் நாத்தனார். இவரோட அக்கா, எங்கள் பேண்டின் பாடகி, தலைவி, நீதிபதி எல்லாம் அவர்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இனிமே ஒரே ஒரு பேஸ் கிட்டார்தான் வேன்ல ஏறும். எதுன்னு நீயே முடிவு பண்ணு. இருபத்தேழாம் தேதி ஹோட்டல்காரங்க நம்மள வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள முடிவாகலன்னா பேஸும் வேண்டாம், பேஸ் வாசிக்க ஆளும் வேண்டாம். தம்பி இடது கையால கீபோர்டுலயே வாசிச்சுக்குவான்."

தம்பி என்றால் என் புருஷன். பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனா நியாயம் அவங்க பக்கம். போன சனிக்கிழமை கல்யாணத்தில் ரெகே முடிந்து ஜாஸ். அந்தப் பாட்டு பேஸில்தான் ஆரம்பிக்கும். நான் ரெகே பேஸைக் கழற்றி ஜாஸ் பேஸை மாட்டுவதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்துவிட்டார். சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசினார். முழுக்க முழுக்க அவருடைய சிறுநீரகக் கல்லைப் பற்றி.

மார்ச் 5, வியாழன்

நாலையும் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தேன். கூப்பிட்ட இடத்தில் கேட்டதை வாசிக்கிறவர்கள் நாங்கள் — ராக், ஜாஸ், ரெகே, டிஸ்கோ, பழைய மெலடி, குழந்தைகளின் பிறந்தநாள் பாட்டு. ஒரே பேஸ் எப்படிப் போதும்?

ராக்குக்குப் பெரியவர். ஐந்து தந்தி, தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். ஜாஸுக்கு மொட்டை. கழுத்தில் குறுக்குக் கம்பி ஒன்றுகூட இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். ரெகேவுக்குப் பூசணி, உள்ளே குடைந்தது. அப்புறம் கல்யாணத்துக்கு முன்னாடி, முதல் சம்பளத்தில் வாங்கின சாதா நாலு தந்தி. அதுக்குப் பேர்கூட வைக்கலை.

ஆசைக்காகவா வாங்கினேன்? இந்தப் பேண்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரே குறை. எந்தப் பாட்டானாலும் அடிச் சத்தம் கலங்கிப் போகுது, கொழகொழன்னு. ராக்கில் கலங்கியது, பெரியவர் வந்தார். ஜாஸில் கலங்கியது, மொட்டை வந்தது. பூசணியும் அப்படித்தான். எதிலும் முழுசாத் தீர்ந்தபாடில்லை.

இவரைக் கேட்டேன். "உனக்கு எது பிடிக்குதோ அத எடுத்துக்கோ" என்றார். இந்தப் பதிலுக்கா ஒரு புருஷன்?

மார்ச் 8, ஞாயிறு

ஒத்திகை. ஆளாளுக்கு நாட்டாமை. நாத்தனாரின் பச்சை கவுனுக்குப் பூசணியின் நிறம் ஒத்துவராதாம். டிரம்ஸ் வாசிக்கிற கொழுந்தன், "பெரியவர்தான் அண்ணி. நெஞ்சுல வந்து இடிக்கணும்" என்றான். வேன் ஓட்டுகிற மாமனார், "எது சீட்டுக்கு அடியில போகுதோ அது" என்றார். அவர் சொன்னதில்தான் கொஞ்சம் விஷயம் இருந்தது.

கடைசியில் கொழுந்தன் ஒரு யோசனை சொன்னான். பார்த்தால்தானே பாரபட்சம்? போர்வை கட்டி, அதுக்குப் பின்னாடி நின்று நாலையும் வாசிக்கட்டும். எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். பெண்ணைப் பார்த்து எடுத்த குடும்பம், பேஸைப் பார்க்காமல் எடுக்கப் போகிறது.

மார்ச் 12, வியாழன்

நாலுக்கும் புதுத் தந்தி. விரல் கறுத்திருக்கு என்று லேபில் பல் டாக்டர் முறைத்தார்.

மார்ச் 15, ஞாயிறு

எப்படி எழுதறது இதை.

போர்வை கட்டினார்கள். நான் பின்னால், மற்றவர்கள் அவரவர் வாத்தியத்தோடு முன்னால். அதே மூன்று பாட்டு, ஒவ்வொரு பேஸிலும் ஒரு சுற்று. முதல் மூன்று சுற்றுக்கும் பேச்சு மூச்சில்லை. மாமனார் கொட்டாவி விட்டது மட்டும் கேட்டது.

நாலாவது மொட்டை. முடிந்ததும் கைதட்டல்! தட்டியது நாத்தனாராம். அவர் எனக்குக் கைதட்டி நான் பார்த்ததே இல்லை. இன்றைக்கும் பார்க்கவில்லை, போர்வை மறைத்துவிட்டது. "இதுதான்மா பேஸு! மத்த மூணையும் பழைய இரும்புக் கடையில போடு" என்றார் மாமனார். கொழுந்தன் பெரியவரை மறந்தே போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாமான்களை எடுத்துவைக்கக் குனிந்தேன். என் காலடியில் சுதி பார்க்கிற பெட்டி. அதில் சிவப்பு விளக்கு. அந்தப் பெட்டியை மிதித்தால் பேஸ் சத்தம் வெளியே போகாது. சுதி சேர்த்த பிறகு மறுபடி மிதித்தால்தான் போகும். மொட்டைக்குச் சுதி சேர்க்க மிதித்தேன். மறுபடி மிதிக்கவே இல்லை.

அந்தச் சுற்று முழுக்க நான் வாசித்தது ஒருத்தர் காதிலும் விழவில்லை.

ஆனா எனக்கே கேட்டதே — டும் டும்னு, என் விரல் போன இடமெல்லாம்! அப்ப வாசிச்சது யாரு?

மார்ச் 16, திங்கள்

இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பிடித்தேன்.

"நேத்து கடைசிச் சுற்றுல பேஸ் வாசிச்சது யாரு?"

"நீதான்."

"என் சத்தம் வெளியவே வரல."

திருதிருவென்று முழித்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார், அது ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் கை மாதிரி.

"நீ வர்றதுக்கு முன்னாடி பேண்டுல பேஸ் ஏது? நான்தானே இடது கையால வாசிப்பேன். பழகிப்போச்சு. நீ வந்ததும் விட்டுடலாம்னுதான் இருந்தேன். நீ பாட்டுக்குப் பாட்டு பேஸ மாத்திக்கிட்டே இருந்தியா... காலியா இருக்கேன்னு நிரப்புவேன். நீ மாட்டி முடிச்சப்புறம் நிறுத்த மறந்துடும்."

மறந்துடுமாம்! இத்தனை வருஷம்! மற்றவளுக்குச் சக்களத்தி என்றால் ஒரு மூஞ்சியாவது இருக்கும். எனக்கு அஞ்சு விரல்.

கோபத்தை விடு, பயமா இருக்கு. நாத்தனாருக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது. அவர் கைதட்டியதே அந்தக் கைக்குத்தானே. பகல் முழுக்க ஊரார் வாய்க்குப் பல் செய்கிறேன், எவரும் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அந்த மேடை ஒன்றுதான் எனக்கு இருக்கு. அதுவும் போச்சுன்னா?

மார்ச் 18, புதன்

இவரிடம் பேச்சில்லை. இடது கையால் காபியை நீட்டினார். வாங்கவில்லை. வலது கைக்கு மாற்றி நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஒத்திகைக்கு முன்னால் இவர் இடது கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டினேன். ஆட்டுக்குட்டி மாதிரி கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடி இது?" என்றார் நாத்தனார்.

"தோள்வலி அக்கா. ஆட்டக் கூடாதுன்னு எங்க டாக்டர் சொன்னாரு."

"அவரு பல் டாக்டராச்சே?"

"நரம்பு எல்லாம் ஒண்ணுதானே அக்கா."

மொட்டையில் ஆரம்பித்தேன். பாதிப் பாட்டில் நாத்தனார் நிறுத்தச் சொல்லிவிட்டார். "போன வாரம் அவ்வளவு நல்லா இருந்துச்சு, இன்னைக்கு என்ன சத்தமே நிக்காம வழுக்கிட்டுப் போகுது?" பெரியவரை எடுத்தேன், பாட்டையே முழுங்கினார். பூசணி டிரம்ஸ் பக்கத்தில் நின்றதும் ஊளையிட்டது. வேறு வழியில்லாமல் சாதாவை மாட்டினேன்.

ராக்குக்குக் கையைத் தந்தி முடிகிற வால் பக்கம் கொண்டுபோய் அழுத்தி அடித்தேன். ரெகேவுக்கு உள்ளங்கையால் தந்தியைப் பொத்திக்கொண்டேன். ஜாஸுக்குக் கழுத்தோரம், விரல் நுனியால். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. கலங்கல் இல்லை! பாதி டிஸ்கோவில்தான் மண்டையில் உறைத்தது. கலங்கலே இவர்தான். நான் ஒன்று வாசிக்க, கீழே இவர் அதையே ஒரு இம்மி தள்ளி வாசிக்க, எந்தப் பேஸ்தான் தெளியும்? இவர் கையால் கலங்கியது என்று நான் பேஸ் வாங்கினேன். நான் பேஸ் மாற்றுகிறேன் என்று இவர் கை நிரப்பியது. கல்யாணமான நாள் முதலா இதே கூத்து!

அங்கேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். அந்தச் சிவப்பு விளக்கு உட்பட.

நாத்தனார் மைக்கை ஸ்டாண்டில் வைத்தார். "அப்ப அன்னைக்கு நான் கைதட்டினது இவனுக்கா?"

"ஆமா அக்கா."

"அத வாபஸ் வாங்கிக்கறேன்." பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "உன்னக் கட்டி வச்சா ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போக முடியும்? தானா நிறுத்து. நிறுத்தினா அவ பேஸ். நிறுத்தலன்னா உன் கையே போதும், அவ வீட்டுல இருக்கட்டும். ரெண்டு பேஸுக்கு என் பேண்டுல இடமில்ல."

நல்ல கதையா இருக்கே! தப்பு பண்றது இவர் கை, வேலை போறது எனக்கு!

மார்ச் 25, புதன்

பயிற்சி. இடது கைமேல் உட்கார்ந்தால் மரத்துப்போகிறது. கால்சட்டைப் பாக்கெட்டில் விட்டால் பாக்கெட்டுக்குள்ளேயே வாசிக்கிறது. "நான் இல்ல, அதுவா போகுது" என்கிறார். பாவமாகவும் இருக்கு, அறையலாம் போலவும் இருக்கு.

மார்ச் 27, வெள்ளி

ஹோட்டல் சாப்பாட்டுக் கூடம். எதிரே மேனேஜர், கை கட்டிக்கொண்டு. வேனில் ஏறியது சாதா மட்டும்.

முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போனது. இவர் கை பாக்கெட்டில். "அவருக்குக் கையில என்ன?" என்று மேனேஜர் கேட்டதற்கு, "ஸ்டைலு" என்றார் மாமனார்.

மூன்றாவது டிஸ்கோ. தட்டோடு வந்த சர்வர் என் ஒயரை மிதித்தார். பிளக் பிடுங்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் ஓடியது. பேஸ் செத்தது. நான் மண்டியிட்டுத் தேடுகிறேன், நாத்தனார் விடாமல் பாடுகிறார், பாட்டுக்கு அடிச் சத்தமே இல்லை.

டும். டும்.

பாக்கெட்டிலிருந்து அந்தக் கை வெளியே வந்துவிட்டது. கும்பிடலாம் போல இருந்தது. அதோடு தொலைந்தோம் என்றும் தோன்றியது. இனி அது எங்கே நிற்கப் போகுது?

பிளக்கைச் செருகினேன். வாசித்தேன். ஒரு கணம் இரண்டு பேஸும் கேட்டது, பழைய அதே கொழகொழ. இவரைப் பார்த்தேன். இவரும் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கையைத் தூக்கினார். தூக்கி, அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டார், பாட்டு முடியும் வரைக்கும். அந்த மனுஷன்மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு.

மேனேஜர் அதையும் ஸ்டைல் என்றே நினைத்துக்கொண்டார். இனி வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள்தான்.

ஏப்ரல் 3, வெள்ளி

ஹோட்டலில் முதல் நாள். போகும்போது வேனில் இவர் என் பக்கத்தில். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். இடது கை மட்டும் என் முழங்காலில் வாசித்துக்கொண்டிருந்தது. ஜாஸ் பாட்டின் பேஸ், என்னுடைய பகுதி. இரண்டாவது வரியில் தப்பாகப் போனது. சுண்டுவிரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தேன்.