பட்டியலின் மூன்றாவது வரி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? மழுப்பாமல் எழுதுங்கள். நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

இங்கே ஆலையில் மெஷின் பழுது பார்க்கும் என்னை ‘உதவியாளர்’ என்று பதிந்து கடைநிலைச் சம்பளமே தந்தார்கள். குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் வாசலிலேயே தொங்குகிறது. அவசரத்தில் நான் ஒருநாளும் படித்ததில்லை. தினமும் அதன் கண்ணாடியைத் துடைக்கும் துப்புரவு அக்காதான் என்னை நிறுத்திக் கேட்டார்.

“ஏன் தம்பி, டிப்ளமோ படிச்சவனுக்கு இதைப் படிக்கத் தெரியாதா? தொழில் தெரிஞ்சவங்களுக்குத் தனி ரேட்டு. மூணாவது வரி!”

“உங்களுக்கு எந்த வரி, அக்கா?”

“கடைசி வரி. அதையும் பளபளன்னுதான் வச்சிருக்கேன்.”

சான்றிதழைக் காட்டினால் மாற்றுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். எல்லாம் அக்கா புண்ணியம். வீட்டிலுள்ள என் டிப்ளமோ சான்றிதழை உடனே அனுப்புங்கள். கூடவே நீங்கள் போர்த்துகிற பழைய போர்வையையும் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு மணியடித்துவிட்டது.

உங்கள் மகன்