கவரின் பின்பக்கத்து விலாசம்

திருவண்ணாமலை
11-2-79

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊரடங்கிய நேரத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். உங்கள் மூச்சிரைப்பு தேவலையா? குழந்தை தனம் என்னைக் கேட்டு அழுகிறாளா?

விடுதி வேலைக்காகப் பிரெஞ்சும் கற்கிறேன் என்று எழுதியிருந்தேனே. இங்கே தங்கியிருக்கும் பிரெஞ்சுக்கார அம்மாள் பழைய பேப்பர்கள் தருகிறார். ஒரே செய்தியை முதலில் இங்கிலீஷில் படித்துவிட்டு, பிறகு பிரெஞ்சில் ஊர்ப்பெயரையும் எண்ணையும் பிடித்துக்கொண்டு மற்ற வார்த்தைகளை ஊகிப்பேன். "இன்னா படிச்சவளே, நம்மூர்ல எப்போ மழைன்னு போட்டுக்கிறானா?" என்று சமையல்கார சந்திரம்மாள் கிண்டல் செய்வாள்.

இன்று படித்தது பெரிய விஷயமில்லை. பாரிஸில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் கட்டிடத்தில் தீப்பிடித்ததாம், மூன்று வாரத்துக்கு முன்பு. இங்கிலீஷ் பேப்பரில் இரண்டே வரி, ஐந்து பேர் இறந்ததாக. பிரெஞ்சில் ஒன்பது பேர் என்று இருக்கிறது, தெருப்பெயரும் இருக்கிறது. தீ, புகை, அடையாளம் தெரியாதவர் என்று சில வார்த்தைகள் கற்றுக்கொண்டேன்.

பாரிஸில் அறை மாறிவிட்டதாக என் வீட்டுக்காரர் போன மாதம் நம் வீட்டு விலாசத்துக்கு எழுதினார். அதன்பின் கடிதம் இல்லை. நீங்கள் எனக்குக் கடிதத்தை மட்டும் அனுப்பினீர்கள். புது விலாசம் கவரின் பின்பக்கம்தான் இருக்கும். வழக்கம்போலக் கவரைக் கம்பியில் குத்தி வைத்திருப்பீர்கள். தெருப்பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். கம்பி குத்தி எழுத்து போயிருந்தால் கவரையே அனுப்புங்கள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சீக்கிரம் பதில் போடுங்கள் அப்பா.

மகள்
ஆதிலட்சுமி