யாரும் சொல்லி வராத சாட்சி

நேற்று உன் மகன் வந்திருந்தான். கையில் உன் நினைவு மலரின் அட்டை. அச்சகத்திலிருந்து நேராக எடுத்துவந்திருப்பான் போல, மை வாசனை இன்னும் போகவில்லை. அட்டையில் நீ வெள்ளைச் சட்டையில், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். கீழே கொட்டை எழுத்தில் ‘அறநெறியின் அடையாளம்’ என்று போட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிச் சிரித்ததை அழுகை என்று நினைத்து, அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“அங்கிள், காலேஜ்லேருந்து அப்பா கூடவே இருந்தவரு நீங்க ஒருத்தருதான். ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. ஜல்தி ஒண்ணும் இல்ல, ஞாயித்துக்கிழம வந்து வாங்கிக்கறேன்.”

எழுதுகிறேன் என்றேன். இதோ எழுதுகிறேன். ஆனால் இது அவன் கைக்குப் போகாது. நல்ல பையன். அவன் என்ன செய்வான்?

திண்டிவனத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன்னைப் பார்க்க வந்தது ஞாபகம் இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் நீதிபோதனை. மற்ற வாத்தியார்கள் அந்த நேரத்தில் கணக்குப் போடவைப்பார்கள், இல்லையென்றால் பிள்ளைகளை மைதானத்துக்கு விரட்டுவார்கள். நீ மட்டும் அதைப் பெரிய காரியமாக எடுத்துக்கொண்டாய். நான் வராந்தாவில் நின்று கேட்டேன். ‘சரி எது, தவறு எது என்று யார் சொல்வது?’ என்று கரும்பலகையில் எழுதி, அதன் கீழே படிக்கட்டு ஒன்று வரைந்திருந்தாய். மேல்படியில் கடவுள். அடுத்து சட்டம். அதற்கும் கீழே பெரியவர்கள். தரையோடு தரையாக மனசாட்சி.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “சார், நாலும் வேற வேற மாதிரி சொன்னா?”

“மேல் படி சொல்றத கேக்கணும்.”

“மேல் படியே தப்பா சொன்னா சார்?”

“உக்காரு” என்றாய்.

வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது எனக்கும் விளக்கினாய். “அறம்னா மேலேருந்து வரணும்டா. கீழேருந்து வந்தா அது வெறும் அபிப்பிராயம். ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கினு திரிவானுங்க.” மேலே என்றபோது உன் விரல் வானத்தைக் காட்டியது. தாளாளரின் அறையும் அந்தப் பக்கத்து மாடியில்தான் இருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. விழுப்புரம் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக நாள் முழுக்க அடுத்தவர் வார்த்தைகளை அடித்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கு உன் பேச்சு பெரிதாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட நண்பன் நமக்கு இருக்கிறானே என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன். நினைத்தால் இன்று கூசுகிறது.

பிறகு வளவனூர்க் கல்யாணம். உங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவருடைய மகளுக்கு எங்கள் ஊர் மண்டபத்தில் கல்யாணம். தாளாளர் முதல் பியூன் வரை வந்திருந்தீர்கள். சாப்பிட்டுவிட்டு என் வீட்டில் கொஞ்ச நேரம் படுத்திருந்தாய். நாலு மணிக்கு பஸ் பிடிக்கக் கிளம்பினாய். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாய். வேட்டியில் ரத்தம். என் மனைவி பதறிப்போனாள். உனக்கு ஒன்றும் ஆகவில்லை, சைக்கிளில் புல்லுக்கட்டோடு போன ஒரு பெரியவரின் ரத்தம் அது.

“தாளாளர் காருடா” என்றாய். “அவருதான் ஓட்டிக்கினு வந்தாரு. டிரைவரு பக்கத்துல உக்காந்திருந்தான். அடிச்சிட்டு எறங்கிப் பார்த்தாரு. பார்த்துட்டு, டிரைவர சீட்டு மாறி உக்காரச் சொன்னாரு. என் கண்ணு முன்னாடிடா.”

பஸ் ஸ்டாப்பில் இன்னும் ஒருத்தி நின்றிருந்தாள். கரும்பு வெட்டிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த அஞ்சலை. அவள்தான் பெரியவரின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாளாம். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. அங்கேயே முடிந்துபோனார்.

அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்ததைச் சொன்னாய். அவளும் சொன்னாள். அந்த ஒரு நாள் நீ மனிதனாக இருந்தாய். நான் உன்னை எவ்வளவுதான் இகழ்ந்தாலும் அதை மறைக்க மாட்டேன்.

வழக்கு விசாரணைக்கு வர மூன்று வருடம் ஆனது. வந்தது நான் வேலை பார்த்த கோர்ட்டுக்கே. அதற்குள் உன் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஓய்வுபெறும் நேரம் நெருங்கியிருந்தது. தாளாளர் உன்னை மாடிக்குக் கூப்பிட்டுப் பேசினார் என்று மட்டும் என்னிடம் சொன்னாய். என்ன பேசினார் என்று நானும் கேட்கவில்லை.

கூண்டில் ஏறி நின்றாய். கடவுள் அறிய உண்மை சொல்வதாக, அந்தக் கோர்ட்டில் யாரும் சொல்லாத அளவுக்கு உரக்கச் சொன்னாய். வகுப்பு எடுத்த குரல். பிறகு, ஓட்டியவர் யார் என்று தெரியாது என்றாய். டிரைவர் வலது பக்கக் கதவைத் திறந்து இறங்கியதைத்தான் பார்த்தேன் என்றாய். போலீசில் என்ன எழுதிக்கொண்டார்களோ, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றாய். எதைக் கொடுத்தாலும் மூன்று முறை படித்துப் பார்த்து, ஒற்றுப்பிழை திருத்தாமல் கையெழுத்துப் போடாதவன் நீ! அரசு வக்கீல் உன்னைப் பிறழ்சாட்சி என்று அறிவித்தார். நீதிபதி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். என் பக்கம் நீ ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

உனக்குப் பின்னால் அஞ்சலை ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவளை நன்றாகவே குடைந்தார்.

“செத்தவரு உனக்கு சொந்தமா?”

“இல்லீங்க.”

“ஒரே ஊரா?”

“அவரு யாருன்னே தெரியாதுங்க.”

“அப்ப யாரு சொல்லி இங்க வந்து சாட்சி சொல்றே? யாரு சொல்லிக் குடுத்தா?”

அவள் அவரை விளங்காமல் பார்த்தாள். “யாரு சொல்லணும்? நான்தான் அங்க நின்னுக்கினு இருந்தேனே. அந்த மனுசன் என் மடியிலதானே செத்துப் பூட்டாரு. வரலன்னா எப்பிடிங்க?”

இதை அப்படியே அடிக்க முடியாது. ‘நான் யாருடைய தூண்டுதலின் பேரிலும் சாட்சியம் அளிக்கவில்லை’ என்று நீதிபதி சொன்னார். அதை அடித்தேன். அந்த மொழியில் அவள் பேச்சின் சூடு கொஞ்சம்கூட மிஞ்சவில்லை. ஆனால் என் காதில் விழுந்தது விழுந்ததுதான். உன் படிக்கட்டில் அவளுக்கு எந்தப் படியும் இல்லை. சத்தியப் பிரமாணத்தைத் தாண்டி அவள் கடவுளைக் கூப்பிடவில்லை, சட்டம் அவளுக்குத் தெரியாது, ஊர்ப் பெரியவர்கள் போகாதே என்றுதான் சொல்லியிருப்பார்கள். நீ கீழேருந்து வருவது என்று இளப்பமாகச் சொன்னாயே, அது கூண்டில் நின்றுகொண்டிருந்தது. மேலேருந்து வந்த நீ வராந்தாவில் சோடா குடித்துக்கொண்டிருந்தாய்.

ஒற்றைச் சாட்சியை நம்ப முடியாது என்று வழக்கு விழுந்தது. தாளாளர் விடுதலை. ஜூனில் நீ தலைமை ஆசிரியர்.

உன்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். விழுப்புரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது.

“கோர்ட்டே இல்லன்னு சொல்லிடுச்சி. உனக்கு இன்னாடா பேஜாரு?” என்றாய்.

“நீ பார்த்தியே.”

“ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஆண்டவரு மன்னிச்சிட்டாரு. அதோட முடிஞ்சிது.”

“அந்தப் பொம்பளைகிட்ட ஒரு வார்த்த சொன்னியா?”

“அவகிட்ட எதுக்கு?” என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டாய்.

அந்த ஆச்சரியத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பயந்து பொய் சொன்னவனை மன்னித்துவிடலாம். நீயோ பயத்துக்கு மேலிடத்து உத்தரவு வாங்கி வைத்துக்கொண்டாய். கடவுளையும் கோர்ட்டையும் உனக்கு நற்சான்றிதழ் எழுதித் தரும் குமாஸ்தாக்களாக வைத்திருந்தாய். அதற்குப் பிறகும் பதினைந்து வருடம் பிள்ளைகளுக்கு நீதிபோதனை எடுத்தாய். ஓமந்தூர்ப் பக்கம் யாரோ ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டால், நேர்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, போர்த்திய சால்வையோடு என் வீட்டுக்கு வருவாய். நானும் காப்பி கொடுத்தேன். உன் சாவுக்கு மாலையும் போட்டேன்.

போன மாதம் ஒருநாள் கிளம்பி அஞ்சலையைத் தேடிப் போனேன். என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. இத்தனை வருடமாக அவ்வளவு தூரத்தில்தான் இருந்திருக்கிறாள். வரப்பில் உட்கார்ந்து, பிடுங்கிப்போட்ட நிலக்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது.

“கோர்ட்டுல மிஷின் அடிச்சிக்கினு இருந்தீங்களே, அந்த சாரா?” என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கேட்டாள்.

நீ இறந்ததைச் சொன்னேன். “அந்த வாத்தியாரா? அடப் பாவமே. புள்ளைங்க இருக்குதா?” என்றாள். அவள் குரலில் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. உன்னைத் திட்டுவதற்கு ஒரு துணை தேடித்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விடாமல் சொன்னேன். “அன்னிக்கு சாயங்காலமே அவன் என் வீட்டுக்கு வந்து உள்ளத சொன்னான்மா. யாரு ஓட்டுனாங்கன்னு அவனுக்கு நல்லாத் தெரியும்.”

அவள் கை நின்றது.

“அப்ப உங்களுக்கும் தெரியும்.”

செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை வரப்பில் தேய்த்தேன்.

“தெரிஞ்சிக்கினேவா சார் அடிச்சிக்கினு இருந்தீங்க?”

“நான் டைப்பிஸ்ட்டும்மா. ஜட்ஜ் சொல்றத அடிக்கிறதுதான் என் வேல. அதுக்கு மேல எனக்கு அங்க...” என்று ஆரம்பித்தேன். அவள் முழுதும் கேட்கவில்லை. முறைக்கவும் இல்லை. அடுத்த செடியைக் கையில் எடுத்து மண்ணை உதறினாள்.

“சரி சார், கெளம்புங்க. வெயிலு ஏறிக்கினு போவுது.”

ஆமாம், தெரிந்துகொண்டேதான் அடித்தேன். மூன்றே வார்த்தை. அதை அங்கே நின்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை சொல்லவில்லை.