ஒரே ஸஹனில் கேட்ட ஜெர்மனிக் கதை

இரும்புலியூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் யாசீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காப்பில் இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், மனசுதான் நலமில்லை. அங்கே ஜெர்மனியில் குளிர் ஏறிவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு போ. போனில் சொன்னால் மீட்டிங் இருக்கும்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

போன பெருநாளுக்கு நீயும் உன் தங்கை மாப்பிள்ளை ஜமீரும் ஒரே ஸஹனில், அந்தப் பெரிய தட்டில், சேர்ந்து கை வைத்துச் சாப்பிட்டீர்களே, பிரியாணி ஆறுவது தெரியாமல் என்னமாய்க் கதை அளந்தாய். ஜெர்மனியில் கம்பெனி போர்டில் முதலாளிக்குச் சமமாகத் தொழிலாளிகளின் ஆளும் உட்காருவான், ஸ்வீடனில் சம்பளத்தைச் சட்டம் வைக்காது, சங்கம் பேசி வைக்கும், ஜப்பானில் கம்பெனிக்கு ஒரு சங்கம், பிரான்சில் சங்கத்தில் ஆள் கம்மி, ஆனால் ஸ்டிரைக் என்றால் ரயிலே நிற்கும் என்றாய். நீயே அங்கே தொழிலாளிகள் ஓட்டுப் போட்ட குழுவில் மெம்பர் என்றதும் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கணுமே. அதே கம்பெனியின் மறைமலை நகர் பிளாண்டில்தானே அவருக்கு வேலை, அங்க இருக்கிறது இங்க ஏன் இருக்கக்கூடாது மச்சான் என்றார். கேளுங்க மச்சான், நான் இருக்கேன் என்றாய்.

கேட்டார். சங்கம் வைக்க ஆள் சேர்த்தார். சஸ்பெண்ட் பண்ணி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் உன் தங்கை ஷாயிஸ்தாவுக்கே போன் போட்டு, உன் புருஷன்கிட்ட சொல்லி வைம்மா, இல்லன்னா பேஜாராயிடும் என்றானாம், மாசமாக இருக்கிற பெண்ணிடம். சீ! அங்கே தொழிலாளிக்கு நாற்காலி போடுகிற அதே கம்பெனி. அவனையாவது விடு, எனக்குக் குமட்டுவது, மாப்பிள்ளை உனக்குப் போன் போட்டபோது நீ சொன்னதுதான். இந்தியா வேற மச்சான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க என்றாயே, அது என் வயிற்றில் பிறந்த வாயா? ஊருக்கு உபதேசம்! மாப்பிள்ளை போனை ஷாயிஸ்தா கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, மறைமலை நகரில் ஜமீரை ஏன் வெளியே நிறுத்தினீர்கள் என்று கேள். வேலை போய்விடும் என்று பயமா? குழுவில் இருக்கிறவனை அங்கே லேசில் தொட முடியாது என்று பெருமை அடித்தது நீதானே.

தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் ரோஷத்தையும் தரட்டும். பெருநாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயாமே, வா. கேட்டுவிட்டு வந்தால் அதே ஸஹன். கேட்காமல் வந்தால் உனக்குத் தனித் தட்டு.

உன் அம்மா,
பரிதா