பிழையா, பாடபேதமா?

பிப்ரவரி 6

காலையில் பழைய சுவடிப் பிரதிகளை ஒப்பிடும் வேலை. ஒன்றில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருந்தது. பேராசிரியர் எட்டிப் பார்த்து, "அவசரப்பட்டுத் திருத்திடாதீங்க, பாடபேதமா இருக்கலாம்" என்றார். பிழை என்றால் திருத்தலாம். பாடபேதம் என்றால் அடிக்குறிப்பு போட்டுவிட்டு அப்படியே விடவேண்டும்.

மதியம் மருத்துவமனை. என் மரபணுப் பரிசோதனையின் முடிவு. மார்பகப் புற்றுநோய் வந்த அக்காவிடம் கண்டுபிடித்த அதே மாற்றம் என்னிடமும் இருக்கிறது. அவ்வளவு நீளமான வரிசையில் ஒரே ஓர் எழுத்து. எனக்கும் நோய் வருமா? மரபணு ஆலோசகர் சொன்னார்: "இந்த மாற்றத்துக்கு இப்போதைக்கு அர்த்தம் தெரியாதுங்க."

பிப்ரவரி 7

அர்த்தம் தெரியாது. இலக்கியம் படித்தவளிடம் சொல்கிற வார்த்தையா இது?

பிப்ரவரி 15

கீமோவுக்குப் பிறகு முளைத்த முடியைத் தடவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "வர்றதுக்கு முன்னாடியே ரெண்டையும் எடுத்துடுடி. நான் பட்டது போதும்."

அர்த்தம் தெரியாத இந்த மாற்றத்தை மட்டும் வைத்து அறுவை செய்யக்கூடாது என்கிறார் ஆலோசகர் என்றேன்.

"அவருக்கென்ன, அவர் உடம்பா?"

அவளுக்கு அந்த எழுத்துதான் குற்றவாளி. "நான் தின்னதால இல்ல, கவலைப்பட்டதால இல்ல, பிறக்கும்போதே இருந்துச்சு." பார்க்க வருகிற எல்லோரிடமும் சொல்கிறாள். சொல்லும்போது முகம் தெளிகிறது.

நான் — எடுப்பதா? எதை நம்பி? விடுவதா? அதுவும் எதை நம்பி?

மார்ச் 3

அப்பா வழியாக வந்திருக்கலாமாம். அப்பா இப்போது உயிரோடு இல்லை. அவருடைய அக்கா இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார், ஒரு நோய் கிடையாது. அவருக்கும் இதே எழுத்து இருந்தால், அது தீங்கில்லாதது என்பதற்கு நல்ல அறிகுறியாம். மருத்துவமனையின் ஆய்வுக்குழு பரிசோதனைக்கு எச்சில் கேட்டுக் குழாய் கொடுத்திருந்தது. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாய் வறண்டு கிடக்கு. யாரை நெனச்சுத் துப்பணும்னு சொல்லு, தானா ஊறும்."

"உங்க தம்பியை நெனச்சுக்கோங்க அத்தை."

"அவனை நெனச்சா இந்தக் குழாய் பத்தாதுடி."

மே 19

அத்தையின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அறுவை மருத்துவர் "யோசிச்சுட்டு வாங்க" என்கிறார். வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்? குளித்துவிட்டு வரும்போது கண்ணாடிப் பக்கம் திரும்புவதில்லை.

ஆகஸ்ட் 28

அத்தைக்கும் இருக்கிறது. வேறு குடும்பங்களிலும் நோயில்லாத பலரிடம் இருக்கிறதாம். 'பெரும்பாலும் தீங்கற்றது' என்று வகை மாற்றிவிட்டார்கள். அறுவை வேண்டாம், அக்காவுக்கு வந்திருப்பதால் ஆண்டுதோறும் ஸ்கேன் மட்டும்.

அக்காவிடம் ஓடினேன். இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"அப்போ எனக்கு ஏன்டி வந்துச்சு?"

அத நான் எப்படிச் சொல்லுவேன். எனக்கென்ன தெரியும். டாக்டருக்கே தெரியல — அவகிட்ட இருந்த ஒரே காரணத்தையும் நான்தானா போய்ப் பிடுங்கிட்டு வந்தேன்?

செப்டம்பர் 2

அக்கா பேசவில்லை. நான் தப்பித்ததாலா? இதைக் கேட்கவும் முடியாது.

நவம்பர் 11

இன்று ஸ்கேன். கூப்பிடாமலே அக்கா என்னோடு வந்தாள். காத்திருக்கும் கூடத்தில், தலையில் துணி கட்டிய பெண் ஒருத்தி அவளிடம் கேட்டாள்: "உங்களுக்கு எதனாலங்க வந்துச்சு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலம்மா. வந்துச்சு" என்றாள் அக்கா. பிறகு நகர்ந்து இடம் விட்டாள். "இப்படி வந்து உக்காருங்க, அங்க ஏசி நேரா மூஞ்சில அடிக்கும்."

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பையை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனேன்.